மெட்டுக்கு முன்னால் வைத்த விரல்

பெருமதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

தங்கள் மூத்த சகலை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. தங்கள் நலத்தை விசாரிக்கப் போவதுமில்லை. தாங்கள் மிகவும் நலமாக இருக்கிறீர்கள் என்று சனிக்கிழமைதோறும் என் மனைவி தங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். 'தாங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மரியாதை கூடிவிட்டது என்று மகிழ வேண்டாம். அது கோபம். நேரில் "வாங்க சகலை, உக்காருங்க சகலை" என்று பேசிப் பழகியவன் தாளில் 'தாங்கள்' போடுகிறான் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆனால் 'தாங்கள்' எழுத எழுதக் கோபம் தணிந்து ஏதோ விண்ணப்பம் போல ஆகிறது. எனவே இனி 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். கோபத்தின் அளவில் மாற்றமில்லை.

விஷயம் இதுதான். நீங்கள் எனக்குக் கொடுத்த கிட்டாரை வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகவும். பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, வாசல் கதவுக்குப் பின்னால் செருப்பு வைக்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டுவிடுவேன். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போட்டவன் நான். எடை குறையாமல் போட எனக்குத் தெரியும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று உங்களுக்குப் புரியாது. உங்களுக்குச் சிரிக்கத்தான் தெரியும், போதாததற்குப் பல் மருத்துவர் வேறு. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் மருத்துவமனையின் இரண்டாவது கிளை திறந்ததற்காக வீட்டில் எல்லோருக்கும் ஒரு சாப்பாடு போட்டீர்களே, வினை அங்கேதான் தொடங்கியது. சாப்பிட்டு முடித்து அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தவனை, "அத்தான், கொஞ்சம் எழுந்துக்குங்க, அவர் வாசிக்கப் போறார்" என்று என் மைத்துனி, அதாவது உங்கள் மனைவி, கிளப்பிவிட்டாள். நான் கையில் காலித் தட்டோடு குளிர்சாதனப் பெட்டி ஓரமாக நின்றேன். நீங்கள் ஏதோ ஒரு பழைய பாட்டை எடுத்தீர்கள். இரண்டாவது வரியில் ஒரு பெண்குரல் வந்து சேர்ந்துகொண்டது. யாரோ டிவியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அணைப்பதற்கு ரிமோட்டைத் தேடினேன். பாடிக்கொண்டிருந்தது என் மனைவி. சகலை, எங்கள் மகனுக்கே காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் இருமிக் கேட்டிருக்கிறேன், ஏசிக் கேட்டிருக்கிறேன், தொலைபேசியில் அக்காவும் தங்கையுமாக விடாமல் பேசிக் கேட்டிருக்கிறேன், பாடிக் கேட்டதில்லை. அதுவும் என்ன குரல்! எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்க வைப்பது உங்கள் தொழில், சரி. என் மனைவியின் வாயையும் நீங்கள்தான் வந்து திறக்க வைக்க வேண்டுமா?

வீடு திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். "ஏன், நம்ம வீட்ல ஒரு நாளும் பாடினதில்லையே நீ?" அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "பாடறதுக்கு ஒரு சுருதி வேணும்ல? நம்ம வீட்ல என்ன இருக்கு? மிக்ஸி இருக்கு. நீங்க இருக்கீங்க." அவள் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, இருப்பைக் கணக்கெடுப்பது போலத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது. அந்தப் பேருந்திலேயே முடிவு பண்ணினேன். என் வீட்டில், என் கையிலிருந்து வரும் ஓசைக்கு இவள் ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஒரே ஒரு பாட்டு போதும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த ஒரே ஆசை அது, சகலை. வேறெதையும் நான் கேட்கவில்லை.

உங்களிடம் வந்து கிட்டார் இரவல் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்தீர்கள், அதைக்கூட நான் மறுக்கவில்லை. "ரொம்ப சுலபம் அண்ணே, நீங்களே கத்துக்கலாம், யாரும் சொல்லித்தர வேணாம்" என்றீர்கள். பிறகு நான் லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடியதும் உள்ளே பார்த்து, "படிக்கல்லு கிட்டார் கத்துக்கப் போகுதாம்!" என்றீர்கள். உங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு பார்ப்பதற்குத்தான் கனம், சத்தம் எல்லாம் உள்ளே வருகிறது. எனக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று அன்றுதான் உறுதியானது. அசையாமல் ஒரே இடத்தில் இருப்பவன் என்று கேலி. இருந்துவிட்டுப் போகட்டும். அசைகிற படிக்கல்லை வைத்து யாராவது வியாபாரம் பண்ண முடியுமா?

வாத்தியாரிடம் போயிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். போனேன். வகுப்பு வாசலில் என் வயதில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தெம்பாகத்தான் இருந்தது. வாத்தியார் வெளியே வந்து என்னைப் பார்த்து, "பேரன் எங்க சார்? உள்ள அனுப்புங்க" என்றார். பேரன் வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதன்பிறகு நீங்கள் சொன்ன மாதிரி நானேதான் கற்றுக்கொண்டேன், அதாவது நானேதான் அவமானப்பட்டேன்.

முதலில் ஒரு புத்தகம் வாங்கினேன். அது திறந்து வைத்தால் திறந்தபடி நிற்காது, தானே மூடிக்கொள்ளும். இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது பக்கத்தை யார் பிடிப்பது? வேலை நினைவாக வைத்திருக்கும் இரண்டு கிலோ படிக்கல்லை எடுத்து மேலே வைத்தேன், புத்தகத்தின் முதுகு உடைந்து பக்கம் பக்கமாகப் பறந்தது. பொறுக்கி அடுக்கியதில் கடைசிப் பாடம் முதலில் வந்துவிட்டது என்பது எனக்கு வெகு நாள் தெரியாது. இடது கை நகத்தை ஒட்ட வெட்டு, வலது கை நகத்தை வளர விடு என்று அதில் போட்டிருந்தது. அப்படியே செய்தேன். முடிதிருத்தும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார். விரல் நுனியெல்லாம் கொப்புளம் கண்டு, தேநீர் டம்ளரை உள்ளங்கையால் அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது. "கையில என்ன?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா வாசல் வரைக்கும் முனகல் கேக்குது?" என்றாள். நான் முனகவில்லை, சகலை. அது கிட்டார்.

அடுத்து வீடியோ. ஒரு தாடிக்காரத் தம்பி, "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்து, தன்னுடைய பழைய வீடியோக்களைப் பற்றிப் பேசி, மணி அடிக்கச் சொல்லி, கிட்டாரை எடுப்பதற்குள் எனக்குக் கால் மரத்துவிடும். எடுத்த பிறகும் சிக்கல்தான். அவருடைய இடது கை என் வலது கைக்கு நேரே இருக்கிறது. அவர் மேலே போனால் நான் கீழே போகிறேன். யோசித்துப் பார்த்து, போனை எனக்குப் பின்னால் அலமாரியில் நிறுத்திவிட்டு, முன்னால் இருந்த நிலைக்கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பழகினேன். அவர் இடது கை என் இடது கைப் பக்கம் வந்துவிட்டது, நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் கண்ணாடியில் நானும் தெரிகிறேனே. இரண்டு பேரில் யாரைப் பார்த்து வாசிப்பது என்று குழம்பி, கடைசியில் என்னைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டிருந்தேன். இந்த லட்சணத்தில் மனைவி கதவைத் திறந்தாள். "யாருக்கு வாசிக்கறீங்க?" என்றாள். அந்த வீடியோவில் இதுவரை என் கை ஒத்துப்போனது ஒரே ஒரு இடத்தில்தான். அது நடுவில் வந்த குளியல் சோப்பு விளம்பரம்.

மகன் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். நாம் வாசிப்பதை அதுவே காது கொடுத்துக் கேட்டு மதிப்பெண் போடுமாம். வீட்டில் அப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். நான் வாசித்தேன், 'மீண்டும் முயற்சி செய்க' என்றது. மறுபடி வாசித்தேன், 'மீண்டும் முயற்சி செய்க.' சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, உடனே திரையில் பச்சை விளக்கு எரிந்து 'அருமை! மூன்று நட்சத்திரம்!' என்று வந்தது. பொய் சொல்லவில்லை, மனைவியே சாட்சி, குக்கரை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்து, "என்னது, பாஸ் ஆயிட்டீங்களா?" என்றாள். நான் இல்லை, குக்கர். தராசு பொய் சொன்னால் கடைக்காரர் மேல் வழக்குப் போடலாம். போன் பொய் சொன்னால் யார் மேல் போடுவது?

இதற்கிடையில் ஒரு கம்பி அறுந்தது. வாங்கப் போன கடையில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், இதை விட்டுட்டு பேஸ் கிட்டார் எடுத்துக்குங்களேன். நாலே கம்பிதான். கூட்டத்துல வாசிச்சா தனியா யாருக்கும் கேக்காது, தப்பு வந்தாலும் தெரியாது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் தனியாக யார் காதிலும் விழாமல் ஒரு உத்தியோகத்தையே முடித்துவிட்டு வந்திருக்கிறேன் அம்மா, இனியாவது ஒருத்தி காதில் விழ வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அறுந்துபோன அந்த ஆறாவது கம்பியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி வேறு வழியில்லை என்று, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும், உங்களுக்கே போன் செய்தேன். நீங்கள் அப்போது ஒருவருடைய வாய்க்குள் இருந்தீர்கள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தமும், அந்த ஆள் 'ஆ' என்று ஏதோ சொல்லப் பார்க்கிற சத்தமும் கேட்டது. "எனக்கு மட்டும் சத்தம் கர்கர்னு வருது சகலை, என்ன தப்பு?" என்று கேட்டேன். நீங்கள் அவசரமாக, "மெட்டு மேல விரலை வைக்காதீங்க அண்ணே. மெட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க. சத்தம் சுத்தமா வரும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மெட்டு! உலகத்தில் எல்லோரும் 'ஃப்ரெட்' என்கிறார்கள், அந்தத் தாடிக்காரத் தம்பிகூட 'ஃப்ரெட்' என்றுதான் சொல்கிறார். நீங்கள்தான் தமிழ் மன்றத்துச் செயலாளர் ஆயிற்றே, ஊசி போடும்போதுகூடத் தூய தமிழில்தானே வலிக்கச் செய்வீர்கள். மெட்டு என்றால் பாட்டின் மெட்டு என்றுதான் தெருவில் போகிற எவரும் சொல்வார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதாவது, மெட்டு ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் விரலைக் கம்பியில் வைக்க வேண்டும், மெட்டு ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும். இதில் ஏதோ ஆழமான அர்த்தம் இருக்கிறது என்று வியக்கவும் செய்தேன். கொடுமை என்னவென்றால், நீங்கள் சொன்னபடியே சத்தம் சுத்தமாக வந்தது. விரலே இல்லாத வெறும் கம்பி சுத்தமாக ஒலிக்காமல் என்ன செய்யும்?

மாதக்கணக்கில் இதைத்தான் பழகினேன். காலையில் அவள் குளிக்கப் போனதும் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்காருவேன். மூன்று விரலையும் புத்தகத்துப் படத்தில் இருப்பது போல வைப்பேன், மூச்சை இழுப்பேன், விரலை எடுப்பேன், வெறும் கம்பியை மீட்டுவேன். ஒரே அளவு, ஒரே அழுத்தம், அடுத்தடுத்த இரண்டு மீட்டலுக்கு நடுவே மயிரிழை வித்தியாசம் கிடையாது. அதில் மட்டும் குறை சொல்ல முடியாது, தராசு முள்ளைப் பார்த்தே வளர்ந்த கை. மெட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன். சுத்தம் வந்துவிட்டது, இனி மெட்டு தானாக வரும் என்று நம்பினேன், சகலை. சிரிக்காதீர்கள்.

போன மாதம் நீங்களும் மைத்துனியும் இங்கே வந்தீர்கள். அன்றைக்குத்தான் அரங்கேற்றம் என்று நானே முட்டாள்தனமாக முடிவு செய்திருந்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து துண்டில் கையைத் துடைத்தபடி எதிரே உட்கார்ந்தாள். எவ்வளவு நாள் கழித்து என் எதிரே வேலை எதுவும் இல்லாமல் அவள் உட்கார்ந்தாள் தெரியுமா? விரலை வைத்தேன், எடுத்தேன், மீட்டினேன். அறை அமைதியாக இருந்தது. மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள், "அண்ணே, விரலை எதுக்கு எடுத்தீங்க?" என்றீர்கள். "நீங்கதானே சொன்னீங்க, மெட்டு மேல வைக்காதீங்க, முன்னாடி வைங்கன்னு" என்றேன். உங்களுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, பிறகு புரிந்தது. "ஐயோ அண்ணே! கழுத்துல குறுக்கால பதிச்சிருக்கே இந்தக் கட்டைக் கம்பி, இதுக்குப் பேர்தான் மெட்டு! பாட்டு இல்ல!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் சிரித்ததை நான் மன்னிப்பேன், உங்கள் பிழைப்பே பல்தான். என் மனைவியும் சிரித்தாள், துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

அதோடு நீங்கள் விட்டிருக்கலாம். "குடுங்க அண்ணே, இப்படித்தான்" என்று என் மடியிலிருந்து கிட்டாரை எடுத்தீர்கள். உங்கள் விரல்கள் அந்தக் கழுத்தில் ஓடின. அந்தப் பழைய பாட்டை மறுபடி எடுத்தீர்கள். என் மனைவி பாடினாள், சகலை. என் வீட்டில், என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, முழுப் பாட்டையும் பாடினாள். நான் ஆசைப்பட்டது அட்சரம் பிசகாமல் நடந்தது, வாசித்த ஆளைத் தவிர. எழுந்து போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அவள் உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். தங்கையைப் பார்க்க என்கிறாள். திரும்பி வரும்போது குரல் கம்மியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. நான் மெட்டுக்கு முன்னால் விரலை வைத்து, எடுக்காமல், முறைப்படி வாசித்தும் பார்த்துவிட்டேன். அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆகவேதான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். நமக்குள் உறவு முறிந்தது என்று வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் காரியங்களில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம். என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அதற்குக்கூட வேறு மருத்துவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

மைத்துனிக்கு என் அன்பு, அதில் கோபம் கலக்கவில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் கிளைகள் பெருகட்டும், அதற்குத் தோதாக ஊரார் பற்கள் எல்லாம் ஆடட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்களால் படிக்கல் என்று அழைக்கப்படும்
மூத்த சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுத வேண்டியிருக்கிறது. இரவல் பொருளை வாங்கினபடியே திருப்பித் தர வேண்டும் என்பது என் பழக்கம், அதனால் கிட்டாரைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்து, கம்பிகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது கம்பியை மீட்டும்போது, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் 'ம்' என்று அதே ஓசையைப் பிடித்தாள். நான் கையை நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்தறீங்க? அதையே மீட்டுங்க" என்றாள். மீட்டினேன். மடித்தும் மடிக்காததுமாக ஒரு போர்வையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். பாடினாள், சகலை. உங்கள் வீட்டில் பாடியதில்லை, எனக்குத் தெரியாத வேறு ஏதோ பாட்டு. நான் அந்த ஒரே கம்பியை ஒரே அளவாக, விரல் எதுவும் வைக்காமல், அவள் முடிக்கும்வரை மீட்டிக்கொண்டே இருந்தேன். முடித்துவிட்டு, "அவர் வாசிச்சா அவர் பின்னாலயே நான் ஓடணும். இது நகராம நிக்குது, படிக்கல்லு மாதிரி. இதுதான் வசதி" என்றாள். சுருதி வேண்டும் என்று அவள் பேருந்தில் கேட்டது இதைத்தான், நான்தான் மெட்டைத் தேடி அலைந்திருக்கிறேன். அப்புறம் ஒரு நிபந்தனையும் போட்டாள், இனி விரலை மட்டும் வைக்கவே கூடாதாம். இதற்கு ஒரு சுருதிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தால் போதுமே என்று நீங்கள் நினைப்பீர்கள். தயவுசெய்து அதை அவளிடம் சொல்லிவிட வேண்டாம். பெட்டி வந்துவிட்டால் அவள் எதிரே நான் எதற்கு? மேலே எழுதியது எல்லாம் ரத்து, கோபம் உட்பட. கிட்டார் இங்கேயே இருக்கட்டும், நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் சகலை. வந்தால் சரியாக வாசித்துக் காட்டிவிடுவீர்கள்.